நின்ற வண்டியில் வந்த சத்தமும் மாற்றப்பட்ட ஷாக் அப்சார்பர்களும்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் பணிமனையின் நீண்டகால வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: காரில் எழுந்த தகரச் சத்தத்தின் காரணத்தைக் கண்டறியாமலேயே மூன்று முறை பாகங்கள் மாற்றப்பட்டது குறித்த புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 14 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் என்னுடைய பெட்ரோல் காரை, அதன் முதல் சர்வீஸ் தொடங்கி இன்றுவரை தங்கள் பணிமனையில்தான் விட்டு வருகிறேன். கடந்த மூன்று மாதங்களில் ஒரே ஒரு சத்தத்துக்காக அதை மூன்று முறை தங்களிடம் கொண்டுவந்தேன். மூன்று முறையும் ஏதோ ஒரு பாகம் மாற்றப்பட்டது, நானும் பில் தொகையைக் கட்டினேன், சத்தம் மட்டும் ஒவ்வொரு முறையும் என்னோடு வீடு திரும்பியது. பழைய வண்டியில் சத்தம் வருவது இயல்பு என்பது எனக்கும் தெரியும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தங்கள் பணிமனையில் யாரும் தேடவே இல்லை என்பதும், தேடாமலேயே பாகங்களை மாற்றிப் பணம் பெற்றுக்கொண்டார்கள் என்பதுமே என் புகார்.

முதல் முறை வண்டியை விட்டபோது சர்வீஸ் அட்வைசரிடம் என்னால் இயன்றவரை துல்லியமாகவே விவரித்தேன். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன்சக்கரங்களின் பக்கம் கேட்கும் ‘டக் டக்’ ஒன்று. அதற்குத் தொடர்பில்லாமல், கொதிக்கும் பாத்திரத்தின் மீது சரியாகப் படியாத மூடி துடிப்பதைப் போன்ற தகரச் சத்தம் இன்னொன்று. இந்த இரண்டாவது சத்தம் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் வரும் என்றும், வண்டி நின்ற இடத்திலேயே நியூட்ரலில் இருக்க, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து நிமிடத்துக்கு 1800 சுற்று அளவுக்குக் கொண்டுவந்தால் தொடங்கி 2000-ஐத் தாண்டியதும் அடங்கிவிடும் என்றும், இருபது நிமிடம் ஓட்டிய பிறகு தேடினாலும் கிடைக்காது என்றும் கூறினேன். இவ்வளவையும் கேட்டுக்கொண்ட பிறகு, செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதப்பட்டவை இரண்டே சொற்கள்: ‘முன்பக்கம் சத்தம்’. உய்ங்கென்று இழுத்தால் பேரிங், கிறீச்சிட்டால் பெல்ட் அல்லது பிரேக், டக் டக் என்று தட்டினால் எங்கோ ஒரு மூட்டில் ஆட்டம் என்று சத்தத்தின் வகையைக் கொண்டே பாதி வேலையை முடித்துவிடும் மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வகையே எழுதப்படாத ஜாப் கார்டை வைத்துக்கொண்டு, உள்ளே வேலை செய்பவர் எதைத் தேடுவார்?

அன்று, திருப்பங்களில் வண்டி அதிகம் சாயாமல் காக்கும் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் இரண்டு லிங்க் ராடுகளும் மாற்றப்பட்டன. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பழைய ராடுகளைக் கையில் கொடுத்தார்கள். ஒன்றின் பால் ஜாயின்ட் எனப்படும் உருண்டை மூட்டு விரலால் அசைத்தாலே ஆடியது. மேடுபள்ளத்தில் கேட்ட ‘டக் டக்’ அன்றோடு நின்றுவிட்டது. ஆனால், நான் முதன்மையாகச் சொன்ன தகரச் சத்தம் மறுநாள் காலை அப்படியே இருந்தது.

இரண்டாம் முறை, சக்கரம் ஏறி இறங்கும்போது வண்டியின் குலுக்கலை அடக்கும் முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் அவற்றின் மேல் மவுன்ட்டுகளோடு மாற்றினார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டியில், சக்கரம் ஓர் அங்குலம்கூட ஏறி இறங்காத நிலையில் வரும் சத்தத்துக்கு ஷாக் அப்சார்பர் எப்படிக் காரணமாகும் என்று வண்டியைத் திரும்பப் பெறும்போது கேட்டேன். “வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும்” என்பதே கிடைத்த பதில். கழற்றிய ஷாக் அப்சார்பர்களைக் காட்டச் சொன்னேன். அவை ஏற்கெனவே பழைய இரும்போடு போய்விட்டதாகச் சொன்னார்கள். எண்ணெய்க் கசிவு இருந்தது என்று ஜாப் கார்டில் ஒரு குறிப்போ, கழற்றுவதற்கு முன் எடுத்த ஒரு புகைப்படமோ இல்லை.

அதே ஜாப் கார்டில் ‘சோதனை ஓட்டம் செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கப்பட்டிருக்கிறது. வண்டியை விட்டபோது தங்கள் ஊழியர் குறித்துக்கொண்ட ஓடோமீட்டர் அளவும், மறுநாள் மாலை நான் சாவியைத் திருப்பியபோது திரையில் தெரிந்த அளவும் ஒன்றாகவே இருந்தன. ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. சஸ்பென்ஷன் எனப்படும் சக்கரத் தாங்கு அமைப்பில் இத்தனை பெரிய வேலை செய்த வண்டியை வளாகத்துக்குள்ளேயே நான்கடி முன்னும் பின்னும் நகர்த்துவதைச் சோதனை ஓட்டம் என்று கொள்ள முடியாது என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாம் முறை, தங்கள் வழக்கமான நேரத்துக்கு வண்டியை ஓட்டிவந்தால் என்ஜின் சூடாகிவிடும், சத்தமும் மறைந்துவிடும் என்பதால், முந்தைய நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக அதை ஸ்டார்ட் செய்து கேட்கும்படி எழுதியே கொடுத்தேன். அன்று காலை நானும் அங்கிருந்தேன். இளைஞர் ஒருவர் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினின் மீது ஆங்காங்கே வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்தி ஒவ்வோர் இடமாகக் கேட்கத் தொடங்கினார். மூன்று மாதங்களில் அந்த வண்டியைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். இரண்டு நிமிடம் ஆவதற்குள் வேறு வண்டிக்கு ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவருக்குக் கால் மணி நேரம் கிடைத்திருந்தால் இக்கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. மாலையில், என்ஜினை வண்டியோடு பிணைத்து அதன் அதிர்வைத் தாங்கும் என்ஜின் மவுன்ட் ஒன்று மாற்றப்பட்டிருப்பதாகத் தகவல் வந்தது.

அதன் பிறகு சத்தம் 1800 சுற்றிலிருந்து ஏறக்குறைய 2100 சுற்றுக்குத் தள்ளிப்போய், சற்று மெலிந்தும் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி “பாருங்கள், குறைந்துவிட்டது” என்றார் அட்வைசர். புது மவுன்ட் வந்ததும் என்ஜினின் அதிர்வு வண்டிக்குக் கடத்தப்படும் விதம் மாறியது, சத்தம் எழும் இடமும் அதோடு நகர்ந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது என் ஊகம். அதிரும் பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது.

இனி நானே தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எடுத்த எடுப்பில் நானும் தவறான இடங்களில்தான் தேடினேன் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். டிக்கியில் இருந்த ஜாக்கியைத் துணியில் சுற்றினேன், ஸ்டெப்னியின் திருகை முறுக்கினேன், பின்இருக்கை பெல்ட்டின் கொக்கியைக் கட்டி வைத்தேன், டாஷ்போர்டு அறையைக் காலி செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான், என் வாயாலேயே தங்களிடம் மூன்று முறை சொன்ன அடையாளங்களை நானே ஒழுங்காக யோசித்தேன். வண்டி நின்றிருக்கும்போது வருவதால் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் அனைத்தும் கணக்கிலிருந்து கழிந்தன. கிளட்சை மிதித்தாலும் விட்டாலும், ஏசியைப் போட்டாலும் அணைத்தாலும் மாறாததால் கியர்பாக்ஸ் மீதும் கம்ப்ரசர் மீதும் சந்தேகம் விலகியது. குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்தில் மட்டும் எழுவது, மெல்லிய தகடு ஒன்று ஒத்ததிர்வதற்கான அடையாளம்: நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிபொருள் எரிகிறது, எனவே 1800 சுற்றில் நொடிக்கு 60 உதைகள் கிடைக்கின்றன. தளர்ந்த தகட்டின் இயல்பான அதிர்வு அதற்கு ஒத்துப்போனால் அது துடிக்கும், ஒத்துப்போகாவிட்டால் சும்மா இருக்கும். சூடானால் மறைந்துவிடுகிறது என்றால், வெப்பத்தில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும் உலோகம் அது. தகடு, அதிர்வு, சூடு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் புகைபோக்கிக் குழாயைத் தவிர வேறென்ன?

விடுமுறை நாள் காலையில், என்ஜின் முழுமையாகக் குளிர்ந்திருந்த நேரத்தில், முன்சக்கரங்களை இரண்டு சாய்தளங்களின் மீது ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அடியில் படுத்துக்கொண்டு, ரப்பர் சுத்தியலால் குழாய் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் மேல் கவிழ்ந்திருக்கும் ஹீட் ஷீல்டு எனப்படும் வெப்பத் தடுப்புத் தகட்டில் தட்டியதும், மூன்று மாதங்களாக நான் தேடிய சத்தம் முகத்துக்கு நேர்மேலே கேட்டது. அதைப் பிடித்திருக்க வேண்டிய மூன்று போல்ட்டுகளும் இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஒரு போல்ட்டைச் சுற்றித் தகடு துருவேறி அரித்துப்போய், துளை போல்ட்டின் தலையைவிடப் பெரிதாகியிருந்தது. தகடு முழுவதும் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்க, குழாயோடு உரசும் ஓரத்தில் விரல் நக அளவுக்கு ஓரிடம் மட்டும் புதுக் காசைப் போலப் பளபளத்தது. லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் யார் கண்ணுக்கும் தப்பியிருக்காது. அகன்ற வாஷர் ஒன்றும், தகட்டைக் குழாயோடு சேர்த்து இறுக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் ஒன்றும் போதுமானதாக இருந்தது. வேலை முடிய இருபது நிமிடம் ஆனது.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, தங்கள் அட்வைசர் அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்துவிடுவதே எளிது என்று கூறியதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஓடும் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்; வண்டியின் தரைப்பகுதியையும் அருகில் செல்லும் குழாய்களையும் வயர்களையும் அந்தச் சூட்டிலிருந்து காப்பதற்காகவே தயாரிப்பாளர் அத்தகட்டை வைத்திருக்கிறார். சத்தம் போடுகிறது என்பதற்காக அதை அகற்றச் சொல்லும் ஆலோசனை ஒரு பணிமனையிலிருந்து வந்திருக்கக் கூடாது.

ஆகவே, ஷாக் அப்சார்பர்களும் என்ஜின் மவுன்ட்டும் தேய்ந்திருந்தன என்பதற்கு அளவீடோ புகைப்படமோ தங்களிடம் இருந்தால் அதை எனக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 14 ஆண்டு வண்டியில் அவை தேய்ந்திருக்கவும் கூடும், ஆதாரம் இருந்தால் மறுப்பின்றி ஏற்றுக்கொள்வேன். இல்லையெனில், அவ்விரண்டு வேலைகளுக்கும் நான் கட்டிய பாகங்களின் விலையையும் கூலியையும் திருப்பித் தர வேண்டும். லிங்க் ராடுகளுக்கான தொகையை நான் கேட்கவில்லை. நடக்காத சோதனை ஓட்டம் நடந்ததாக ஜாப் கார்டில் குறிக்கப்பட்டது எப்படி என்பதற்கு எழுத்துப்பூர்வமான விளக்கமும் தேவை. சத்தம் தொடர்பான புகாரோடு வருபவரை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதையும், கழற்றிய பாகங்களை உரியவரிடம் காட்டிய பிறகே அப்புறப்படுத்துவதையும் தாங்கள் கட்டாயமாக்கினால், எனக்கு நேர்ந்தது அடுத்தவருக்கு நேராது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்பை அணுகுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

நான் கூறியதில் ஐயம் இருந்தால், தாங்கள் சொல்லும் நாளுக்கு முந்தைய மாலையே வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன். மறுநாள் காலையில் தாங்களே நேரில் வந்து, அந்தக் கிளிப்பை மட்டும் தளர்த்திவிட்டு, என்ஜினை 2100 சுற்றில் வைத்துக் கேட்கலாம். அன்று ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்ட இளைஞரையும் உடன் அழைத்து வாருங்கள்.

இணைப்பு: மூன்று ஜாப் கார்டுகள் மற்றும் பில்களின் நகல்கள், தகட்டின் புகைப்படங்கள், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஒலிப்பதிவுகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடிக்கையாளர்