குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விழாவும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. சம்ப் சுத்தம் செய்யப்பட்டது. பி பிளாக் லிஃப்ட் பழுது பார்த்தாயிற்று. மொட்டை மாடி ஒழுகலும் அடைக்கப்பட்டது.

இனி டார்ச் லைட் விஷயம். இந்த ஆண்டு சங்கச் செலவில் மாடிப்படிகளுக்கு டார்ச் வாங்கி வைத்தோம். இதற்கெல்லாம் சங்கப் பணமா என்று சிலர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை வேளச்சேரிக்காரர்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. தண்ணீர் ஏறியதும் கரண்ட்டை நிறுத்தினார்கள், திரும்பி வர நாள்கணக்கானது. முதல் ராத்திரி எல்லோரும் செல்போன் வெளிச்சத்தை நம்பினோம், மறுநாள் அதில் சார்ஜும் இல்லை, அவசரத்துக்கு யாரையும் கூப்பிடவும் வழியில்லை. காவலாளி அறை டார்ச்சைத் திறந்து பார்த்தால் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் பச்சை பிடித்துக் கிடந்தது. தரைத்தளத்துப் பாட்டியை நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றியபோது எங்களுக்கு வழிகாட்டியது ஒரு மெழுகுவத்தி. அடுத்த மழைக்கு அப்படி நிற்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் காரணம்.

பலரும் சார்ஜ் ஏற்றும் வகைதான் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் அதே நிலைதான். சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி விளக்கை மாதக்கணக்கில் கவனிக்காமல் வைத்தால் பேட்டரி செத்துவிடும். நல்ல லித்தியம் பேட்டரியாகவே இருந்தாலும் கரண்ட் இல்லாத மூன்றாம் நாள் அதை எங்கே சொருகுவது? பென்சில் செல் என்றால் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அதிலும் அல்கலைன் செல்தான் வாங்கினோம், உறை பிரிக்காமல் வைத்தால் பல வருஷம் தாங்கும். ஆனால் அதுவும் டார்ச்சுக்குள்ளேயே கிடந்தால் கசியக்கூடியதுதான், அதனால் செல்களைத் தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு டார்ச்சோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

பத்தாயிரம் லூமன்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தரும் டார்ச் என்று விளம்பரம் அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பென்சில் செல்லில் அது நடக்கவே நடக்காது. மாடிப்படிக்கு நூறு லூமன்ஸ் தாராளம். வீட்டுக்குள் முப்பது போதும், டார்ச்சை நிமிர்த்தி வைத்து கூரையில் அடித்தால் அறை முழுக்க வெளிச்சம் பரவும், செல்லும் நெடுநேரம் வரும். அப்புறம் தண்ணீர். டார்ச் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை அட்டையில் ஐபிஎக்ஸ் என்ற குறியீட்டால் சொல்வார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்த நமக்கு இரண்டாவதுதான் சரி. மோட்டார் ரூமுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் நெற்றியில் மாட்டும் விளக்கும் வாங்கியிருக்கிறோம்.

இதையெல்லாம் சேர்ந்து முடிவு செய்யத்தான் செப்டம்பரில் கூட்டம் போட்டேன். வந்தவர்கள் ஆறு பேர். அக்டோபர் மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் கார் நிறுத்த ஓடிய நம்மால், இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று கரண்ட் போனபோது எல்லா மாடிப்படியிலும் வெளிச்சம் இருந்தது, அதையும் பதிவு செய்கிறேன். மூன்றாம் மாடி டார்ச்சின் செல்கள் இப்போது உறையில் இல்லை. சுவர்க் கடிகாரத்துக்கோ டிவி ரிமோட்டுக்கோ எடுத்தவர்கள் தயவுசெய்து புதுசாக வாங்கி வைத்துவிடுங்கள்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல், பெரும்பங்கு லிஃப்டுக்குப் போனது, டார்ச் செலவு அதில் சிறு பகுதி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். சில வீடுகளில் இது இரண்டாவது வருஷம். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களும் லிஃப்டுக்கும் சம்புக்கும் பங்குதாரர்கள்தானே.

பொருளாளர், எலக்ட்ரீஷியன், காவலாளி, கூட்டத்துக்கு வந்த ஆறு பேர், எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா டார்ச்சையும் எரியவிட்டுப் பார்க்க வேண்டும், அக்டோபருக்கு முன் புது செல் வாங்கி வைக்க வேண்டும். தளத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றால் பத்து நிமிட வேலை. செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை. பாக்கி வசூலாகி, தளத்துக்கு ஒருவர் முன்வந்தால் இன்னும் ஓராண்டு பார்த்துக்கொள்ள எனக்குத் தடையில்லை. இல்லையென்றால் மோட்டார் ரூம் சாவியையும் பதிவேட்டையும் யாரிடம் ஒப்படைப்பது என்று பொதுக்குழு இன்றே சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்