தொப்பூர் ஏற்றத்தில் திணறிய வண்டி

தருமபுரி
ஜூன் 14

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. பெங்களூரா மாங்காய் இந்த வருடமும் விலை போகவில்லை என்று எழுதியிருந்தாய். மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் லாரிகள் வரிசையாக நிற்பதை நானும் பார்த்தேன். நேரில் பேசுவோம்.

அப்பாவின் மாருதி 800 பற்றிக் கேட்டிருந்தாய். 1994 மாடல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த வண்டி. இரண்டு மாதமாக அது என்னைத் தூங்கவிடவில்லை. உன் வண்டியும் ஷெட்டில் நிற்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் முதலில் திணறியது. இரண்டாவது கியர், ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கிறேன், இழுவை இல்லை. நாலு முறை உதறிவிட்டு நின்றுவிட்டது. பின்னால் லாரிகள். ஓரம் கட்டிப் பத்து நிமிடம் பொறுத்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது! ஊருக்குள் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை.

வெயிலில் பெட்ரோல் ஆவியாகிப் பைப்பில் அடைக்கிறது என்று முதலில் நினைத்தேன். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தரும் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றியும் பயனில்லை. ஒரு மெக்கானிக் பிளக், பாயிண்ட் எல்லாம் பார்த்துவிட்டு கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. நானே கழற்றி பெட்ரோல் வரும் சிறு துளைகளான மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டையும் காற்றடித்துச் சுத்தம் செய்தேன், நீடில் வால்வைப் புதிதாகப் போட்டேன். நின்ற இடத்தில் ஐடிலிங் அருமையாக வந்தது. ஏற்றத்தில் மறுபடியும் அதே திணறல்.

அப்புறம்தான் ஒருநாள் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, பம்புக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி மாதிரியான ஃபில்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் பெட்ரோலோடு பொடிப்பொடியாகக் குமிழ்கள் வந்தன. பெட்ரோல் வரவேண்டிய வழியில் காற்று வருகிறது!

உறுதி செய்துகொள்ள, எஞ்சின் ஆறியபின் பொறி பறக்காமல் இருக்கக் காயில் ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பைப்பை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தேன். நுரையோடு விட்டுவிட்டு வந்தது. பிறகு டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, பம்ப் உறிஞ்சும் பக்கத்தை ஒரு கேனில் இருந்த பெட்ரோலில் வைத்தேன். இப்போது பளிச் பளிச்சென்று நிறைவாகப் பீய்ச்சியது. பம்ப் நல்லது, கார்புரேட்டர் நல்லது, குற்றம் பம்புக்கும் டேங்குக்கும் நடுவில். இதைச் செய்யும்போது திறந்த வெளியில் செய், பக்கத்தில் ஒரு வாளி மணல் வை. பெட்ரோல் விஷயத்தில் அவசரம் கூடாது மச்சான்.

வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். டேங்கிலிருந்து இரும்புப் பைப்புக்கு வரும் ஒரு ஜாண் ரப்பர் ஹோஸ், குதிகால் பித்தவெடிப்பு மாதிரி வெடித்திருந்தது. ஒரு சொட்டு ஈரம்கூட வெளியே இல்லை. அது உறிஞ்சும் பக்கம் அல்லவா? பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இத்தனை நாள் எல்லோரும் ஒழுகல் எங்கே என்று தேடியதால் யாருக்குமே சிக்கவில்லை. சமதளத்தில் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், காற்று கலந்தாலும் சமாளித்துவிடும். ஏற்றத்தில் தேவை பல மடங்கு. அதோடு வண்டி மூக்கைத் தூக்கி நிற்பதால் பின்னால் இருக்கிற டேங்க் தாழ்ந்துவிடுகிறது. பம்ப் இன்னும் உயரத்துக்கு உறிஞ்ச வேண்டும், உறிஞ்ச உறிஞ்ச வெடிப்பு வாய் திறக்கிறது. நின்றபின் பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் பெட்ரோல் போதுமே. இந்தக் கணக்கு புரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம், பாலிடெக்னிக்கில் நாம் இரண்டு பேரும் முதல்முதலாக ஓர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி ஓடவைத்தபோது வந்த அதே சந்தோஷம்.

ரப்பருக்கு வயதாகிவிட்டது, அது ஒன்று. பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் பழைய ரப்பருக்கு ஆகாது. 2023-இல் 20 சதவீதக் கலப்பு பங்க்குகளுக்கு வந்தது. அதற்கு முப்பது வருடம் முன்னால் செய்த ஹோஸ் இதைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி, முன்னிருந்து பின்வரை எல்லாத் துண்டுகளையும் மாற்றிவிட்டேன். கம்பி கட்டவில்லை, எல்லா இடத்திலும் கிளிப். போன ஞாயிற்றுக்கிழமை தொப்பூர் ஏறினேன். ஒரு உதறல் இல்லை.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதே. இரண்டு வருடப் பெட்ரோல் அதில் கிடக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் பிரிந்து அடியில் நின்றிருக்கலாம். முதலில் அதை இறக்கி, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்போம். இன்னொன்று, ஆயில் கேஜை உருவி மோந்து பார். பெட்ரோல் வாடை அடித்தால் பம்புக்குள் இருக்கிற சவ்வு, அதாவது டயஃப்ரம், கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கலாம், அப்படி ஓட்டினால் பேரிங் போய்விடும்.

இரண்டு மீட்டர் ஹோஸ் உனக்காகவும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை காலையில் வருகிறேன். காவேரிப்பட்டணம் தாண்டியதும் போன் செய்கிறேன். அம்மாவிடம் சொல், மாங்காய்க் குழம்பு வேண்டும்.

உன்,
மச்சான்