2025–26 ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், ஓண விளையாட்டு, பொங்கல் கோலப்போட்டி மூன்றும் வழக்கம்போல் நடந்தன.

2025 செப்டம்பர் 23 அன்று மோகன்லால் டெல்லியில், இந்திய சினிமாவின் உயரிய விருதான தாதாசாகேப் பால்கே விருது வாங்கினார். மறுநாள், பாலக்காட்டு எல்லையில் இருக்கிற நம் கொழிஞ்சாம்பாறை டீக்கடைகளில் அதே பேச்சுதான். அந்தச் சூட்டில், பால்கே விருது பெற்றவர்களின் படங்களை மாதம் ஒன்றாகத் திரையிடலாம் என்று செயற்குழுவில் கேட்டேன். எல்லோரும் கை தூக்கினீர்கள்.

1969ஆம் ஆண்டுக்கு நடிகை தேவிகா ராணியிடம் தொடங்கிய விருது இது. சிவாஜிக்கு 1996, மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனுக்கு 2004, பாலசந்தருக்கு 2010, ரஜினிக்கு 2019. ஒரு படத்துக்குக் கொடுப்பதில்லை, ஆயுள் முழுக்கச் செய்த வேலைக்குக் கொடுப்பது. அதனால்தான் இதன்மேல் எனக்கு இத்தனை பிடிப்பு.

மோகன்லால், சிவாஜி, ரஜினி படங்களுக்கு உட்கார இடமில்லை. அடூரின் 'எலிப்பத்தாயம்' போட்ட அன்று, புரொஜெக்டர்காரரையும் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். தறவாட்டை, அதாவது பரம்பரை வீட்டை விட்டு வெளியே வரத் தெரியாத ஒரு மனிதனின் கதை. 1981இல் வந்தது, லண்டன்வரை பரிசு வாங்கியது. செயற்குழுவிலேயே பாதிப்பேர் வரவில்லை. "மலையாளப் படம் நமக்கெதற்கு?" என்று ஒருவர் கேட்டாராம். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் படிக்கிறார்கள், பஞ்சாயத்து நோட்டீஸ் மலையாளத்தில் வருகிறது. படம் மட்டும் ஆகாதா? எல்.வி. பிரசாத் இந்தி, தமிழ், தெலுங்கு மூன்றின் முதல் பேசும் படங்களிலும் நடித்தவர். 1982க்கான பால்கே விருது அவருக்குத்தான். எல்லையில் இருக்கிற நமக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அவர் படத்தை மார்ச்சில் போடுவதாக இருந்தேன். புரொஜெக்டர் வாடகைக்குப் பணம் இல்லாமல் நின்றுவிட்டது.

அப்புறம், வரவு செலவு. வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல். கணக்கு நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா ஒழுங்காக வந்திருந்தால் துண்டு விழுந்திருக்காது. ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவர்கள் பெயரை இங்கே வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

கூடம் தந்த பஞ்சாயத்துக்கும், நாற்காலி சுமந்த இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யார் செயலாளராக வந்தாலும் எனக்குச் சம்மதம். படவரிசை மட்டும் நிற்கக் கூடாது. பிரசாத்தும் பாலசந்தரும் பாக்கி இருக்கிறார்கள். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார், பார்த்துவிட்டுப் போங்கள்.