செவெர்ன் தெருவில் திரும்பிவிடாதே

அன்புள்ள தம்பி,

நலம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஓமரூவில் என்னம்மா இருக்கு, நாலு பழைய கட்டடம்தானே, நான் அந்த வழியாகத்தானே போய் வருகிறேன்" என்றாய். அது அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம், சரி சரி என்று வைத்துவிட்டேன். ஆனால் மனது கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் விட்டுவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ அந்த ஊர் வழியாகப் போகிறாய், ஊரை இன்னும் பார்க்கவில்லை. சாலை அப்படி அமைந்திருக்கிறது. நியூசிலாந்தின் தென் தீவில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து உங்கள் டனீடினுக்கு வரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை தேம்ஸ் தெரு வழியாக ஊருக்குள் வந்து, போர் நினைவுச் சின்னம் நிற்கிற சந்திப்பில் வலப்பக்கம் செவெர்ன் தெருவில் திரும்பி மேடேறிவிடுகிறது. எல்லா வண்டியும் அதோடு போய்விடும். பழைய ஊர் தொடங்குவதே அந்தச் சந்திப்புக்கு அப்புறம்தான். அங்கே திரும்பாமல் நேராகப் போ. டனீடினிலிருந்து வருவதானால், மேட்டிலிருந்து இறங்கியதும் எல்லாரும் போகிற இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கம் திரும்பு.

முதலில் இரண்டு வங்கிக் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று 1871-இல் ஓட்டாகோ வங்கிக்காகக் கட்டியது. இன்னொன்று 1880-களில் நியூ சவுத் வேல்ஸ் வங்கிக்காகக் கட்டியது, இப்போது ஃபாரஸ்டர் கலைக்கூடம். உயர்ந்த தூண்கள் வைத்து, கிரேக்கர் காலத்துக் கோயில் மாதிரி கட்டியிருக்கிறார்கள். இரண்டையும் வரைந்தவர் ராபர்ட் லாசன். உனக்குப் பழக்கமானவர்தான். டனீடினில் நீ தினமும் தாண்டிப் போகிற அந்தக் கூர்கோபுர 'ஃபர்ஸ்ட் சர்ச்', 1873-இல் திறந்தது, அதுவும் அவர் கைவேலை. அந்தச் சர்ச்சின் கல்லும் ஓமரூ கல்தான். உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் கறுப்புக் கல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக அலங்காரம் தெரிகிறதே, அதுவும் இங்கிருந்து போனதுதான்.

இந்தக் கல்லைப் பற்றி அப்பாவிடம் கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவார். திருச்சியில் வேலை பார்த்த காலமெல்லாம் செங்கல்லும் சிமெண்டும் கருங்கல்லுமாகத்தானே இருந்தார். இப்படி ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்ததே இல்லை என்றார். மூன்று கோடிக்கும் மேலான ஆண்டுகளுக்கு முன்னால் கடலடியில் படிந்த சின்னச் சின்ன உயிர்களின் ஓடுகள் இறுகி உண்டான சுண்ணாம்புக் கல் அது. குவாரியிலிருந்து எடுக்கும்போது ஈரமும் மென்மையுமாக இருக்கும், ரம்பத்தாலேயே அறுத்துவிடலாம். காற்றுப் பட்டுக் காயக் காயத்தான் மேல்பக்கம் இறுகும். அதனால்தான் ஒரு சின்னத் துறைமுக ஊரில், தூண் தலைப்பில் இலை இலையாக, சுருள் சுருளாக இவ்வளவு செதுக்க முடிந்திருக்கிறது.

அப்பா ஒரு தானியக் கிடங்கின் சுவரில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். விரல் நுனியில் வெள்ளைப் பொடி. அந்த இடத்தில் கல் செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளங்கை அளவு குழி விழுந்திருந்தது. குனிந்து பார்த்தால் குழி கல்லில் மட்டும்தான். இரண்டு கல்லுக்கு நடுவே பின்னாளில் யாரோ பூசிய சிமெண்டுச் சாந்து மட்டும் முழுசாக, வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. சுண்ணாம்புச் சாந்து என்றால் ஈரம் அது வழியாக வெளியேறிவிடும். சிமெண்டு வழிவிடாது, ஈரம் கல் வழியாகத்தான் வெளியே வரும், வரும்போது கடல் உப்பையும் இழுத்து வந்து கல்லின் மேல்தோலை உரித்துவிடும். எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தாலும் இதே கதிதான். "பாதுகாக்கணும்னு நெனச்சு நல்ல மனசோடதான் பூசியிருப்பான்" என்று அப்பா வருத்தப்பட்டார். நாலு வாசல் தள்ளி இன்னொரு சுவரில் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுசாகச் சுண்ணாம்பு வைத்து, உதிர்ந்த இடத்துக்கு மட்டும் புதுக் கல் பொருத்தியிருந்தார்கள். புதுக் கல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இந்த இரண்டு சுவரையும் நீ நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, இந்தக் குட்டி ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டடங்கள் எப்படி வந்தன? இன்றைக்கே மக்கள்தொகை சுமார் 14,000. அன்று அதில் பாதிகூட இருக்காது. ஆனால் சுற்றிலும் கோதுமையும் கம்பளியும் கொழித்த நிலம். துறைமுகம் என்று பெயர்தானே தவிர, ஆரம்பத்தில் அது வெறும் திறந்த கடற்கரை. கப்பல் தூரத்தில் நிற்கும், படகில்தான் சரக்கும் ஆளும் போய் வரவேண்டும். 1868 பிப்ரவரியில் ஒரே புயலில் 'ஸ்டார் ஆஃப் டாஸ்மேனியா', 'வாட்டர் நிம்ஃப்' என்று இரண்டு கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. அதற்கப்புறம்தான் என்ன செலவானாலும் அலைத்தடுப்புச் சுவர் கட்டியே தீருவது என்று இறங்கினார்கள். 1870-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை 1884 வரை நடந்தது. கூடவே சுமார் 50 கி.மீ. நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எல்லாம் கடன்.

கட்டடங்களில் பாதிக்குமேல் தாமஸ் ஃபாரஸ்டர், ஜான் லெமன் கூட்டாளிகளின் வேலை என்றே சொல்லலாம். ஃபாரஸ்டர் கிளாஸ்கோவிலிருந்து வந்தவர், அடிப்படையில் சுவர்ப்பூச்சுத் தொழிலாளி. வரைவதெல்லாம் அவர், கணக்கு வழக்கும் ஆட்களிடம் பேசுவதும் லெமன். துறைமுக வேலைக்கும் ஃபாரஸ்டர்தான் பின்னாளில் பொறியாளர். அவர் மகனும் கட்டடக் கலைஞராகி, 1907-இல் இந்த ஊரின் ஓபெரா ஹவுஸை வடிவமைத்தார். கலைக்கூடத்துக்குப் பணம் எழுதிவைத்தவரும் அந்த மகன்தான். அப்பா பூசிய ஊரில் மகனும் கட்டினான் என்று உன் அப்பா இதை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

1882-இல் 'டனீடின்' என்ற கப்பல் போர்ட் சால்மர்ஸிலிருந்து சுமார் 5,000 ஆட்டு இறைச்சி உடல்களை உறையவைத்து லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நியூசிலாந்து இன்றைக்கும் சாப்பிடுகிற சோறு அந்தப் பயணத்தில் தொடங்கியதுதான். அதில் போன ஆடுகளில் பெரும்பாலானவை ஓமரூவுக்குத் தெற்கே எட்டு கி.மீ.யில் உள்ள டோட்டாரா பண்ணையில் அறுக்கப்பட்டவை. அந்தப் பண்ணைக் கட்டடங்களும் இதே வெள்ளைக் கல்தான், நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது, டனீடினிலிருந்து வரும்போது முதலில் அதைப் பார்த்துவிடு.

அதே நேரத்தில் விலைகள் சரியத் தொடங்கிவிட்டன. 1878-லேயே கிறைஸ்ட்சர்ச்சையும் டனீடினையும் ரயில் இணைத்துவிட்டது, பெரிய துறைமுகங்களுக்கே சரக்கு போகலாயிற்று. நகராட்சியும் துறைமுக வாரியமும் கடனில் மூழ்கின. 1906-இல் மதுக்கடைகளையும் மூடிவிட்டார்கள், அரை நூற்றாண்டுக்குமேல் அந்த ஊரில் மது விற்பனையே கிடையாது, டைன் தெருவில் அவ்வளவு அழகாகக் கட்டிய கிரைட்டீரியன் ஹோட்டல் ஹோட்டலாக இல்லாமல் போனது. கடைவீதி மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தது. 1974-இல் துறைமுகமே மூடப்பட்டது. ஹார்பர் தெருவும் டைன் தெருவும் பல பத்தாண்டுகள் பழைய மூட்டைக் கிடங்குகளாகவே கிடந்தன.

இடிக்கவில்லை. ஏன் தெரியுமா? இடித்துவிட்டு அங்கே வேறு கட்ட யாரிடமும் காசு இல்லை, அந்த இடத்துக்கு விலையும் இல்லை. இது ஓமரூவுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்செண்ட் என்று ஒரு ஊர். ரயில் வரப்போகிறது என்று நம்பி 1880-களில் மாளிகை மாளிகையாகக் கட்டினார்கள், எதிர்பார்த்த ரயில் இணைப்பு வரவே இல்லை, ஊர் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு அந்த மாளிகைகளைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது.

ஆனால் வறுமை காப்பாற்றியது என்று அதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் உண்மை. கூரை ஒழுகினால் இந்தக் கல் எத்தனை நாள் தாங்கும்? 1987-இல் ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கி, ஒவ்வொரு கிடங்காகக் கையில் எடுத்து, கூரை மாற்றி, வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைச் சுவருக்கே செலவழித்து வருகிறார்கள். உள்ளே போனால் புத்தகம் கட்டுகிறவர், மரவேலைக்காரர், ரொட்டிக் கடை, பழைய புத்தகக் கடை. நாங்கள் போனபோது புத்தகம் கட்டுகிறவர் பழைய பாணிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பைபிளின் கிழிந்த முதுகுக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். எலும்புத் தகடு ஒன்றை வைத்து ஓரத்தை நீவி நீவி அழுத்தினார். அவர் ஜன்னல் படியிலும் அந்த வெள்ளைப் பொடி. அப்பா அவரிடம் சாந்து பற்றிக் கேட்க, இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த ஊரை உனக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இந்த நிலம் 1848-இல் கெம்ப் என்பவர் வழியாக அரசு நை தாஹு என்ற மாவோரி மக்களிடம் வாங்கிய மாபெரும் பரப்பில் ஒரு பகுதி. கொடுத்தது 2,000 பவுண்டு, அவர்களுக்கென்று ஒதுக்கித்தருவதாகச் சொன்ன நிலங்களைச் சரியாக ஒதுக்கித்தரவும் இல்லை. இந்தக் கிடங்குகள் எழும்பிய அதே நேரம், 1877-இல், தே மைஹாரோவா என்ற தலைவர் தம் மக்களை அழைத்துக்கொண்டு தீவின் உட்பகுதியில் இருக்கிற ஓமரமாவுக்கு நடந்துபோய், இந்த உட்பகுதி இன்னும் எங்களுடையது என்று குடியேறினார். 1879-இல் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. அரசு மன்னிப்புக் கேட்டு உடன்பாடு செய்ய 1998 வரை ஆனது. அந்தத் தூண்கள் அழகு, மனதாரச் சொல்கிறேன். கோதுமை யார் நிலத்தில் விளைந்தது என்பதும் அந்தத் தெருவில் நிற்கும்போது உன் நினைவில் இருக்கட்டும். நீ சர்வேயர். அந்த ஊர்த் தெருக்களுக்கு தேம்ஸ், செவெர்ன், டைன், ஈடன், ஹம்பர் என்று பிரிட்டனின் ஆறுகளின் பெயரை வரைபடத்தில் எழுதியவரும் ஒரு சர்வேயர்தான்.

அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன் தம்பி. உன் அலுவலகத்தில் பழைய கட்டடம் நிற்கிற மனை வந்தால், "காலி மனை என்றே கணக்குப் போடுவோம், அதுதான் லாபம்" என்று அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னாய். உன் தொழில் எனக்குத் தெரியாது, முடிவு உன் கையில் இல்லை என்பதும் புரிகிறது. ஆனால் அளக்கப் போகிற முதல் ஆள் நீ. ஒரு சுவரைப் பார்த்து, இது சரிசெய்யக்கூடியதா, போனதுதானா என்று உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் நிலநடுக்கத்தில் உடைந்து, கடைசியில் இடிக்கப்பட்டதே கத்தோலிக்கப் பேராலயம், அதைக் கட்டிய பிரான்சிஸ் பீட்டர்தான் ஓமரூவின் புனித பேட்ரிக் ஆலயத்தையும் கட்டினார். அங்கே இல்லாமல் போனது எது என்று இங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்.

நவம்பரில் போ. அப்போது அந்த ஊர்க்காரர்கள் விக்டோரியா காலத்து உடையில் தெருவில் இறங்குவார்கள், முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கிற பழைய சைக்கிளை ஓட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள்கூடத் தொப்பி வைத்துக்கொண்டு வருவார்களாம். ஒரு ராத்திரி தங்கு, அறையை முன்னாலேயே பதிவு செய், அந்த வாரம் இடம் கிடைக்காது. சாயங்காலம் துறைமுகப் பக்கம் போனால், அலைத்தடுப்புச் சுவருக்குக் கல் வெட்டிய பழைய குவாரியில் நீலப் பென்குயின்கள் கூடு கட்டியிருக்கின்றன. உலகத்திலேயே சின்ன ஜாதி. இருட்டிய பிறகுதான் கடலிலிருந்து ஏறி வரும், படம் எடுக்க விடமாட்டார்கள், போனை உள்ளே வைத்துவிடு. காற்று எலும்பு வரைக்கும் குளிரும், அந்தக் கம்பளிக் கோட்டை மறக்காதே.

அப்பா ஒரு வேலை சொல்லியிருக்கிறார். சிமெண்டு வைத்த சுவர், சுண்ணாம்பு வைத்த சுவர் இரண்டும் ஹார்பர் தெருவில் எங்கே என்று அவர் கிறுக்கிய படத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டையும் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்து அவருக்கு அனுப்பு. குழி நாங்கள் பார்த்ததைவிடப் பெரிசாகியிருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. பொடி டப்பா தீர்ந்திருந்தால் சொல், அடுத்த பார்சலில் வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா