ஜூன் கடைசி ஞாயிறுக்கு வா

அன்புள்ள தம்பிக்கு,

போன கிழமை மருமகள் போனில் ஒரு கேள்வி கேட்டாள். "மாமி, உங்கட ஊர்க் கோட்டையெல்லாம் உண்மையாவே பழசா, இல்லாட்டி டூரிஸ்டுக்காகக் கட்டி வைச்சதா?" ஜெர்மனியில், இந்த ரைன் ஆற்றங்கரைப் பொப்பார்ட்டில் பிறந்து வளர்ந்த நீ ஒருநாளும் கேட்காத கேள்வி. அதனால் இந்தக் கடிதத்தில் பாதி அவளுக்கு. மற்றப் பாதி உன்னுடைய விமான டிக்கெட்டைப் பற்றியது. ஜூலை நடுவில் வருகிறோம் என்று சொன்னாய். அதை ஜூன் கடைசிக் கிழமைக்கு மாற்றப் பார்.

காரணம் உனக்கே தெரிந்திருக்க வேண்டும். 1992இல் தொடங்கிய 'டால் டோட்டால்'. வழமையாக ஜூன் கடைசி ஞாயிறு, காலை ஒன்பது மணி முதல் பின்னேரம் ஆறு மணி வரை பள்ளத்தாக்கின் இரண்டு கரையிலும் கார் ஓடாது. இந்தக் கரையில் பி9 சாலை, அந்தக் கரையில் பி42, இரண்டும் சைக்கிளுக்குத்தான். நீ பத்து வயதில் அதில் ஓடினாய், பதினைந்து வயதில் "போர்" என்று சொல்லி ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தாய். பணம் கட்டுவதற்கு முன் அந்த வருடத்துக்கு அறிவித்துவிட்டார்களா என்று மட்டும் இணையத்தில் பார்த்துக்கொள். ஒருவேளை இல்லையென்றாலும் நம்முடைய கரையில் ஆற்றோடு ஒட்டிய சைக்கிள் பாதை இருக்கிறது, கோட்டைகளும் எங்கேயும் போய்விடாது. ஆனால் இரண்டு மீட்டர் பாதையில் ஒதுங்கி, பக்கத்தில் லொறி இரைய ஓடுவது வேறு. சாலையின் முழு அகலமும் உன்னுடையது என்று பேத்தி குஞ்சுவும் நீங்கள் இரண்டு பேரும் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு ஓடுவது வேறு.

இங்கே அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று மருமகளுக்குச் சொல். பிங்கனில் இருந்து கோப்ளென்ஸ் வரை இந்தப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மலை ஆற்றுக்குள் இறங்கி வந்து நிற்கிறது. மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடைக்கிற ஒடுங்கிய நிலத்தில் ஒரு சாலை, ஒரு ரயில் பாதை, மிச்சம் இருந்தால் ஒரு ஊர். இரண்டு கரையிலும் இதே கதைதான். மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கிடையாது. பிங்கனுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது, 1945இல் ஜெர்மன் படையே அதை உடைத்துவிட்டுப் பின்வாங்கியது, தூண்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. ஆகவே கரை மாற வேண்டுமென்றால் கார் ஏற்றும் பாதைப் படகுதான்.

சரி, அவளுடைய கேள்விக்கு வருவோம். 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது இந்த 65 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய நாற்பது கோட்டை என்று எழுதினார்கள். எதற்கு இத்தனை? பலதும் வரி வாங்கத்தான். மேலே ஒரு பிரபு, கீழே ஒரு ஆயர், அடுத்த வளைவில் இன்னொருவர். போகிற வருகிற சரக்குப் படகையெல்லாம் மறித்து ஆளாளுக்குச் சுங்கம். நம்முடைய சனத்துக்குச் செக்பொயின்ட் என்று சொன்னால் போதும், உடனே விளங்கிவிடும்.

அவற்றில் முக்கால்வாசி உடைந்தவை. 1689இல் பிரெஞ்சு ராசா பதினான்காம் லூயியின் படை வந்து பலதை வெடிவைத்துத் தகர்த்தது. ரைன்ஃபெல்ஸ் கோட்டை மட்டும் 1692இல் முற்றுகையைத் தாங்கி நின்றது. நூறு வருடம் கழித்து, சண்டையே இல்லாமல் கைமாறிய பிறகு, அதையும் பிரெஞ்சுக்காரர் தகர்த்தார்கள். 1815இல் இந்தப் பக்கம் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் கைக்குப் போனதும் அந்த நாட்டு இளவரசர்களுக்குப் பழங்காலப் பைத்தியம் பிடித்தது. இடிபாடுகளை வாங்கி, தாங்கள் நினைத்துக்கொண்ட மாதிரிப் புதுக் கோபுரம் வைத்துக் கட்டினார்கள். ரைன்ஸ்டைன் அப்படி 1820களில் எழும்பியது, ஸ்டோல்சன்ஃபெல்ஸ் 1842இல். பூனைக் கோட்டை என்று நீ கை காட்டிச் சிரிப்பாயே, அதை 1806இல் நெப்போலியன் ஆட்கள் உடைத்தார்கள், இப்போது நீ பார்ப்பது 1890களில் திரும்பக் கட்டியது. அது தனியார் கையில் இருக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். ஆகவே மருமகள் கேட்டது பாதி சரி. அடியில் பழைய கல், மேலே இளவரசர்களின் ஆசை.

உடையாதது என்று மலைமேல் ஒன்றுதான் உண்டு, பிரவ்பாக்கில் மார்க்ஸ்பூர்க். அதற்கு ஞாயிறன்று ஏற வேண்டாம், சனத்துக்குள் சைக்கிளை விடவே இடம் கிடையாது. திங்கட்கிழமை போவோம். வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம், சமையலறை அடுப்பைப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்கும்.

ஓடுகிற வழியை நான் இப்படி நினைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து வெள்ளன, ஒன்பது மணிக்கே இறங்கி, நம் கரையில் ஆறு வருகிற திசையில் போவோம். ஆற்றோரம் வெள்ளைப் பலகையில் கறுப்பு எண் இருக்கும், கிலோமீட்டருக்கு ஒன்று. கணக்கு மேலே கொன்ஸ்டான்ஸ் பாலத்தில் தொடங்குகிறது. பொப்பார்ட்டில் 570, நாம் படகில் கடக்கப்போகிற கவுப்பில் 546. எண் குறைந்துகொண்டே வரும், குஞ்சுவை வாசிக்கச் சொல், தூரம் தெரியாமல் போய்விடும். எதிர்க்கரையில் முதலில் சண்டைக்காரச் சகோதரர்களின் இரண்டு கோட்டை, நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு நிற்கின்றன. பிறகு எலிக் கோட்டை. சங்க்ட் கோவாரில் தலைக்கு மேலே ரைன்ஃபெல்ஸ். ஏற்றம் பொல்லாதது, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

லோரெலைப் பாறையை நம் கரையில் இருந்துதான் பார்க்க வேண்டும், 132 மீட்டர் அப்படியே நிமிர்ந்து நிற்கும். அந்தக் கரைக்குப் போய்விட்டால் பாறை தலைக்கு மேல் வந்துவிடும், ஒன்றும் தெரியாது. தலை வாரிக்கொண்டு படகோட்டிகளை மயக்கிய பெண்ணின் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட அந்த வளைவில் கரையில் வைத்திருக்கிற வெள்ளை விளக்குகள் பிடிக்கும். ஆறு அங்கே ஒடுங்கித் திரும்புவதால் எதிரே வருவது தெரியாது. வெள்ளைக் கோடுகள் எரிந்து, மேலேயிருந்து கப்பல் இறங்குகிறதா என்று ஏறி வருகிற கப்பலுக்குச் சொல்லும். கார் சத்தம் இல்லாத அன்று நின்று கவனித்தால் முதலில் விளக்கு மாறும், கொஞ்சம் பொறுத்து என்ஜின் சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் கப்பலின் மூக்கு தெரியும். இன்னொன்று சொல்கிறேன், குஞ்சுவுக்குப் பிடிக்கும். ஆற்றை எதிர்த்து ஏறுகிற சரக்குக் கப்பலை அவள் அப்பாவின் சைக்கிள் முந்திவிடும். இறங்குகிற கப்பல் எல்லோரையும் முந்திவிடும். ரயில் மட்டும் அன்றும் நிற்காது, சரக்கு ரயில் போகும்போது கதையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கவுப்புக்கு எதிரே படகு ஏறுவோம். ஆற்றின் நடுவே தீவில் கப்பல் மாதிரிக் கூரிய முனையோடு ஒரு வெள்ளைக் கோட்டை தெரியும், ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். பெயர்தான் வாயில் நுழையாது. என் கணக்கில் இந்தப் பள்ளத்தாக்கில் அதுதான் முதலாவது. 1327 அளவில் பவேரிய லூட்விக் ராசா சுங்கத்துக்காகவே எழுப்பியது. முனை ஆறு வருகிற பக்கம் பார்த்து இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை, பனிக்கட்டியும் வெள்ளமும் வந்து மோதினால் பிளந்துகொண்டு போகத்தான். 1866 வரை அங்கே சுங்கம் வாங்கினார்கள், ஒருவரும் அதை உடைக்கவில்லை. 1813 டிசம்பர் 31 இரவு தொடங்கி புளூஹர் என்ற கிழட்டுப் பிரஷ்யத் தளபதி இந்தத் தீவை நடுவில் வைத்து மிதவைப் பாலம் போட்டு, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு கடக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் உனக்குப் படிப்பித்தார்களே.

அந்தப் படகைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நாங்கள் இங்கே வந்த காலத்தில் அகதி விண்ணப்பம் முடியும் வரை மாவட்ட எல்லை தாண்ட எழுத்தில் அனுமதி வேண்டும், அப்போதைய சட்டம் அது. நம் கரை ஒரு மாவட்டம், எதிர்க்கரை இன்னொரு மாவட்டம். யன்னலைத் திறந்தால் எதிரே தெரிகிற ஊருக்குக் கடிதம் இல்லாமல் போக முடியாது. அப்பா பழைய சைக்கிள் இரண்டு வாங்கி, எனக்கு ஒன்று தந்து, கார் இல்லாத ஞாயிறு முதன்முதலில் வந்தபோது நாங்களும் இறங்கினோம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன கால் எனக்கு, ஓட்டம் மறக்கவில்லை. படகடியில் சனம் சிரித்துக்கொண்டு ஏறியது, அன்று ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அப்பா ஏறவில்லை. "வேண்டாம், திரும்புவம்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார். போன வழியிலேயே வந்தோம். விசா கையில் வந்த பிறகு வந்த ஞாயிறுதான் ஏறினார். ஏறினவர் அந்தக் கரையில் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே படகில் திரும்பி வந்து, மறுபடி ஏறினார். நீ சின்னனில் "ஏன் அப்பா சும்மா சும்மா படகில போறார்" என்று கேட்பாய். இதுதான்.

திரும்பி வருவது பி42இல், பிறகு ஃபில்சனில் இருந்து படகில் பொப்பார்ட். முழுச் சுற்றும் ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. குஞ்சு அழுதால் சங்க்ட் கோவாரிலேயே கடந்துவிடலாம், முப்பதுக்குள் முடிந்துவிடும். மருமகளுக்கு ஏற்றம் பற்றிய பயம் வேண்டாம், சாலை ஆற்றோடுதான் போகிறது, காற்றுத்தான் சில நேரம் முகத்தில் அடிக்கும்.

உன்னுடைய ரேசிங் சைக்கிளை டொரொன்டோவில் இருந்து கட்டிக்கொண்டு வராதே. ஒல்லி டயரில் குனிந்து பறக்கிற ஆட்களுக்குக் காலை பத்து மணி வரைதான் சாலை. அதற்குப் பிறகு சறுக்குச் சப்பாத்துக்காரர், நாய்கள், முச்சக்கர வண்டிச் சின்னதுகள், எல்லாம் வந்துவிடும். மூன்று மணிக்குப் பிறகு ரீஸ்லிங் வைன் குடித்துவிட்டு நெளிந்து நெளிந்து ஓடுகிறவர்கள். ஊருக்கு ஊர் கடை போட்டிருப்பார்கள், உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்து அப்பிள் கூழோடு தருவார்கள், வரிசை நீளம். நான் ரோல்ஸும் கட்லட்டும் பொரித்துக் கட்டிக்கொண்டு வருவேன், ஓபர்வேசல் ஊர் மதில் நிழலில் இருந்து சாப்பிடுவோம். இடம் இப்போதே யோசித்து வைத்துவிட்டேன்.

உனக்கும் மருமகளுக்கும் சைக்கிள் இங்கே வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் அந்தக் கிழமைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஆகவே உங்கள் இரண்டு பேருடைய உயரத்தையும் அனுப்பு. குஞ்சுவுக்குப் பின்னால் கொளுவுகிற வண்டிதான் நல்லது, நித்திரை வந்தால் சரிந்து படுக்கலாம். அவளுடைய தலையைப் புருவத்துக்கு மேலால் நூல் சுற்றி அளந்து சென்டிமீட்டரில் எழுது, ஹெல்மெட் அப்பா வாங்குகிறாராம். மஞ்சள் நிறம்தான் வேண்டும் என்று இப்போதே கடைக்காரனோடு கதைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா