பறந்துபோன வீடு

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மகளுக்கு,

உன் குரல் பதிவைக் கேட்டேன். பின்னால் நின்று பேத்தி, "அம்மம்மாட்டக் கேளுங்க, தகர மனிசன் எப்படித் தகரமானவர்?" என்று கத்தியதும் கேட்டது. ஓஸ் மாயாவிப் படம் பார்த்தோம், புத்தகமும் இப்படித்தானா, வாங்கிக் கொடுக்கலாமா என்று நீ கேட்டாய். டொரத்தி என்ற பிள்ளையைக் காற்று வீட்டோடு தூக்கி ஓஸ் என்ற மாய நாட்டில் போட, அவள் வீடு திரும்ப வழி தேடுகிற கதைதானே. ஓம், வாங்கு என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். ஆனால் தம்பி லப்டொப்பில் அந்தப் படத்தைப் போட்டுத் தந்துவிட்டான். பாதியில் கரண்ட் போய், மிச்சத்தை மறுநாள் பார்த்தேன். பார்த்து முடிய ஒரு கோபம் வந்தது. போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் பேத்தியின் கேள்வி. புத்தகத்தில் அவன் சதையும் இரத்தமுமாய் இருந்த விறகுவெட்டி. ஒருத்தியைக் கட்ட ஆசைப்பட்டான். அதைக் கெடுப்பதற்காகச் சூனியக்காரி அவனுடைய கோடாலிக்கு மந்திரம் போட்டாள். கோடாலி நழுவி ஒரு கால் போனது. தகர வேலைக்காரன் ஒருவன் தகரக் கால் செய்து பூட்டினான். பிறகு மற்றக் கால், கைகள், தலை, கடைசியில் உடம்பு. அதோடு இதயமும் போனது, காதலும் போனது. படத்தில் இது ஒன்றும் இல்லை, துருப்பிடித்து நிற்கிறான், எண்ணெய் விட்டதும் ஆடுகிறான். சின்னப் பிள்ளைகளுக்குக் கோடாலிக் கதை எதற்கு என்று விட்டிருப்பார்கள். ஆனால் உன் மகள் கேட்டது அதைத்தானே! செயற்கைக் காலோடு சைக்கிள் மிதித்துச் சந்தைக்குப் போகிறவர்களைக் கண்டு வளர்ந்த ஊர்க்காரி நான். எனக்கு அது பயங்கரக் கதையாகத் தெரியவில்லை. சொல்லிக்கொடு, தாங்குவாள்.

படம் புத்தகத்தை மாற்றிவிட்டதே என்று குறை சொல்கிற ஆள் இல்லை நான். பிராங்க் பாம் 1900இல் எழுதினார், படம் 1939இல் வந்தது. அவர் டொரத்திக்குப் போட்டுவிட்ட மந்திர வெள்ளிச் சப்பாத்து படத்தில் சிவப்பாகிவிட்டது. டெக்னிகலர் புதுமையாக இருந்த காலம், சிவப்புத்தான் கண்ணில் அடிக்கும். சரி, அது நியாயம். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கான்சாஸ் வெளியும் வீடும் டொரத்தியின் மாமியின் கண்ணும் எல்லாமே சாம்பல் நிறம் என்று பாம் சொல்லிச் சொல்லி எழுதுவார். படம் அந்தப் பகுதி முழுவதையும் பழைய போட்டோ மாதிரிக் கபில நிறத்தில் காட்டிவிட்டு, டொரத்தி கதவைத் திறக்கும்போது வெளியே வர்ணத்தைக் கொட்டுகிறது. அந்த ஓர் இடத்தில் புத்தகம் தோற்றுத்தான் போகிறது. அறுபதைத் தொடப்போகிறவள், வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

ஆனால் அந்தக் கிளின்டாவை எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகத்தில் வடக்கில் ஒரு நல்ல சூனியக்காரி, தெற்கில் ஒருத்தி. அந்தச் சப்பாத்தே டொரத்தியை வீட்டுக்குக் கொண்டுபோகும் என்று வடக்கத்தியாளுக்குத் தெரியாது. தெரிந்தவள் தெற்கில் இருக்கிற கிளின்டா, அவளிடம் போய்ச் சேர்வதற்குள் கதையே முடியப்போகிறது. படத்தில் இரண்டு பேரையும் ஒருத்தியாக்கியதில், முதல் நாளே வழி தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு பிள்ளையை அலையவிட்டாள் என்று ஆகிவிட்டது. தானாகவே கற்றுக்கொள்ள வேண்டுமாம். இப்படிச் சொல்கிறவர்களோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் முப்பது வருடம் இருந்தவள் நான்!

கோபம் இதுவும் இல்லை மனே. படத்தில் டொரத்தி வீட்டை விட்டு ஓடுகிறாள். வானவில்லுக்கு அப்பால் ஓர் இடம் வேண்டும் என்று பாடிவிட்டு நாயோடு கிளம்புகிறாள், மனம் மாறித் திரும்பி வந்தால் நிலவறைக் கதவு பூட்டிக் கிடக்கிறது. புத்தகத்தில் அவள் எங்கேயும் போக ஆசைப்படவில்லை. காற்று வருகிறது, மாமி நிலவறைக்குள் இறங்கிவிடுகிறாள், நாய் பயத்தில் கட்டிலுக்குக் கீழே ஒளிகிறது. அதைப் பிடிக்கப் போனதால்தான் பிள்ளை பிந்துகிறாள். அவ்வளவுதான்.

1978 நவம்பர் 23 இரவு இங்கே சூறாவளி அடித்தபோது எனக்குப் பத்து வயது. (பாம் எழுதியது தரையில் எழும்புகிற டொர்னாடோ, நமக்கு வந்தது கடலில் இருந்து. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.) அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓட, உன் மாமா ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று திரும்பி ஓடினான். அம்மப்பா அவனையும் ஆட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். விடிந்து பார்த்தால் கூரை இல்லை, குசினி இல்லை, தென்னைகள் தலை முறிந்து நிற்கின்றன. அந்தச் சூறாவளியில் 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வானவில்லைப் பார்த்து ஆசைப்பட்டோம் என்று எங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை.

படம் முடியும்போது டொரத்தி தன் கட்டிலில் கண் விழிக்கிறாள். எல்லாம் கனவாம், வீடு இருந்தபடியே இருக்கிறதாம். ஓஸை விட்டு வருவதற்கு முன்பே, இனி ஆசைப்பட்டதைத் தேடினால் வளவுக்குள்ளேதான் தேடுவேன் என்று சொல்லிவிடுகிறாள். புத்தகத்தில் அவள் உண்மையாகவே போய், உண்மையாகவே திரும்புகிறாள். சப்பாத்து பாலைவனத்தில் விழுந்துவிட்டது, காலில் வெறும் காலுறை. எதிரே ஹென்றி மாமா கட்டிய புது வீடு. பழையது காற்றோடு போய்விட்டது, அவர் பேசாமல் இன்னொன்று கட்டிவிட்டுப் பால் கறந்துகொண்டிருக்கிறார். மாமி கோவாப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வருகிறாள். அந்தப் புது வீட்டைத்தான் படம் விழுங்கிவிட்டது.

நீ பிறந்து வளர்ந்த இந்த வீடும் அப்படி வந்ததுதான். அம்மப்பா முதலில் தகரக் கொட்டில் போட்டார், பிறகு ஒவ்வொரு அறையாகக் கட்டினார். நீ வெளிக்கிட்ட அன்று, இங்கே என்ன குறை என்று உன்னிடம் அழுதேன், ஞாபகம் இருக்கும். அந்தக் கிளின்டா பேசின பேச்சுத்தான் நானும் பேசியிருக்கிறேன் என்று படம் பார்க்கும்போது உறைத்தது. பாதிக் கோபம் அதுதானோ தெரியாது.

புத்தகம் வாங்கு. டென்ஸ்லோ வரைந்த பழைய படங்கள் உள்ள பதிப்பாகப் பார். மரகத நகரத்துக்குள் போகிற எல்லாருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டுவார்கள், படத்தில் அதுவும் இல்லை. பேத்தி அந்த இடத்தில் சிரிப்பாள். இருபத்துநான்கு அத்தியாயம், ஆறுதலாக வாசித்துக் காட்டு. கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்கூட வராது, அதை மட்டும் எனக்கு விட்டுவை. வீடியோ கோலில் நான் வாசிக்கிறேன். புது வீடு என்று வருகிற இடத்தில் போனை முற்றத்துக்குக் கொண்டுபோய் அவளுக்கு நம் வீட்டைக் காட்ட வேண்டும். பூவரசம் இலை கொட்டிக் கிடக்கிறது, அதற்குள் கூட்டிவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா