தெருவின் கவலை தேசத்தின் கவலை ஆகாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டின் எதிர்காலம் குறித்து மக்களுக்குள்ள பெரிய கவலைகள் எவை என்று தங்கள் நாளிதழ் வாசகர்களிடம் கேட்டு, அதன் முடிவுகளைக் கடந்த ஞாயிறு இணைப்பில் இரண்டு பக்கங்களுக்கு வெளியிட்டிருந்ததைப் படித்தேன். படங்களும் வட்ட வரைபடங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே இருந்தன. ஆனால், தேசத்தின் நாளையைப் பற்றிக் கேட்டால் சென்னைவாசிகள் சிலர் தெருச் சாக்கடையைப் பற்றி எழுதியிருப்பதாகவும், வாசற்படியைத் தாண்டி யோசிக்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை என்றும் கட்டுரையாளர் ஓரிடத்தில் அங்கலாய்த்திருக்கிறார். அந்தச் சிலரில் நானும் ஒருவன். செல்பேசியில் க்யூஆர் குறியீட்டைக் காட்டித் திறக்க வேண்டியிருந்த அந்தப் படிவத்தில் பொருளாதாரம், எல்லைப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு எனக் கவலைகள் முன்கூட்டியே வகுத்துத் தரப்பட்டிருந்தன. என் கவலை அவற்றில் இல்லாததால் ‘பிற’ என்ற கட்டத்தில் எழுதினேன். கருத்துக் கேட்டுவிட்டு, சொன்னவனைக் கேலி செய்வது சரியா என்பதைத் தங்களைப் போன்ற அனுபவசாலிக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கொரட்டூரில் குடியிருப்பவன். அம்பத்தூர் நகராட்சியாக இருந்த எங்கள் பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி ஒன்று உடைந்தபோது, யாரோ ஒரு புண்ணியவான் அதில் முருங்கைக் கிளையைச் செருகிச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனார். கிளை காய்ந்தால் வேறு கிளை ஒடித்து வைக்கிறோம். முழங்கால் அளவு மழைநீர் தேங்கும் நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தக் கிளையைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது. அடைப்பு எடுக்க வண்டி வருவதற்கு முன்னால் ஒரு மனிதர் வந்து குழிக்குள் எட்டிப் பார்க்கிறார் என்பதும், சில வேளைகளில் எட்டிப் பார்ப்பதோடு அவர் நிற்பதில்லை என்பதும் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்கக் கூடாது என்று 2013-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பத்தாண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், அப்படி இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அத்தகைய மரணங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது என்ற வெட்கக்கேட்டைத் தங்கள் நாளிதழே பலமுறை எழுதியிருக்கிறது. நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் தலையிட்ட ஒரு விஷயம் எந்தக் கணக்கில் தெருக் கவலை ஆகிறது என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன்.

தண்ணீரைப் பற்றி எழுதியவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ரயில் வந்ததே, அது எங்கள் கொரட்டூர் நிலையத்தைக் கடந்துதான் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. காலிக் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தவர்கள் நடைமேடையில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூழ்கியது. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே ஆணையிட்ட மாநிலம் இது. எங்கள் வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் அந்தக் குழாய் மொட்டைமாடியிலிருந்து இறங்கி நேரே சாக்கடைக்குப் போகிறது என்று காட்ட வேண்டுமானால், கட்டுரையாளரை ஒரு மாலைப்பொழுது அழைத்துப் போகச் சித்தமாயிருக்கிறேன். பருவநிலை மாற்றம் என்று ஒருவர் எழுதியிருந்தால் அது அறிவார்ந்த கவலையாகியிருக்கும். தண்ணீர் என்று எழுதியதால் குழாயடிச் சண்டையாகிவிட்டது போலும்.

என்னுடைய பெரிய கவலையை இனிமேல்தான் சொல்ல வேண்டும். படிவத்தில் இருந்த கட்டம் சிறியது. அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். என் தம்பி மகள் பொறியியல் பட்டதாரி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்ற, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை 2024-இல் எழுதினாள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அந்தப் பிள்ளை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். நானோ அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாழ்நாளெல்லாம் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவன். எங்களைப் போன்றவர்களுக்கு உள்ள 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். அதற்குப் பிறகு விலைவாசி எங்கெங்கோ போய்விட்டது. அந்த ஆயிரம் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு சமையல் எரிவாயு சிலிண்டர் வாங்கி, தூக்கி வருபவருக்கும் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும். அந்தப் பணத்துக்கும் ஆண்டுதோறும் நான் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். லேத்தில் தேய்ந்த என் விரல்களில் ரேகை சரியாகப் பதிவதில்லை. “தாத்தா, வேற விரல் வைங்க” என்று சான்று எடுக்கும் இடத்தில் இருக்கும் பையன் ஒவ்வொரு விரலாகக் கேட்பான், பத்தும் முடிந்துவிடும். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். பொறுமைசாலிப் பையன், அவன் மேல் எனக்குக் குறையில்லை.

படித்தவளுக்கு வேலையில்லை, உழைத்து ஓய்ந்தவனுக்குப் போதிய ஓய்வூதியமில்லை, இருவரையும் சேர்த்து இடையிலுள்ள ஒருவரின் சம்பளம் தாங்குகிறது என்பதே இன்று எங்கள் வீட்டு நிலைமை. எங்கள் தெருவில் பல வீடுகளின் நிலைமையும் அதுதான். 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தாம். அப்படியானால் இன்னும் இருபது ஆண்டுகளில் அந்த இடையிலுள்ள ஒருவர் எத்தனை பேரைத் தாங்குவார் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் தங்கள் அலுவலகத்தில் நிச்சயம் இருப்பார்கள். ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று சுவரில் எழுதியதை மதித்து இரண்டோடு நிறுத்திக்கொண்ட தலைமுறை நாங்கள். அப்படி நிறுத்தியதற்காகவே, 1971 மக்கள்தொகையை வைத்து நிலைநிறுத்தப்பட்ட நாடாளுமன்ற இடங்களின் விகிதம் தொகுதி மறுவரையறையில் மாறி, நம் 39 இடங்களின் மதிப்பு குறைந்துவிடுமோ என்ற பேச்சு வேறு இப்போது டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இவற்றில் ஒன்றுகூடத் தங்கள் வட்ட வரைபடத்தில் இடம்பெறவில்லை. அவற்றையெல்லாம் அந்தச் சிறிய கட்டத்தில் எழுதியவர்களைப் பற்றித்தான், வாசற்படியைத் தாண்டாதவர்கள் என்று தீர்ப்பு வந்திருக்கிறது.

மக்கள் என்று எழுதுவதற்கு முன்னால் எத்தனை மக்கள், எந்த மக்கள் என்று பார்ப்பது நல்ல வழக்கம். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இரண்டாம் உலகப்போரின் நடுவிலும் நிற்காத அது, 2021-இல் நடக்காமல் போனது. இப்போது 2027 என்கிறார்கள். அரசாங்கமே இத்தனை ஆண்டுகள் எண்ணாமல் ஓட்டியிருக்கும்போது ஒரு பத்திரிகையை மட்டும் குறைசொல்வது நியாயமில்லைதான். ஆனாலும், எத்தனை பேர் பதில் அளித்தார்கள், அவர்களில் வடசென்னையிலிருந்து எத்தனை பேர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர் என்ற விவரம் அந்த இரண்டு பக்கங்களில் ஒரு வரியாகக்கூட இல்லை. வயதைக் குறிக்கும் பட்டியலும் 55-க்கு மேல் என்பதோடு முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் வேலை போனவரும் எண்பதில் படுக்கையில் இருப்பவரும் தங்கள் பார்வையில் ஒரே வகையினர் ஆகிறார்கள்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கேள்விகளை முழுமையாகவும், பதில் அளித்தவர்களின் எண்ணிக்கையைப் பகுதிவாரியாகவும் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் பத்தி அளவுக்கு வெளியிட வேண்டும். அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது, செல்பேசி இல்லாதவர்களும் கத்தரித்து நிரப்பி அனுப்பும் வகையில் படிவத்தைத் தாளிலேயே அச்சிட வேண்டும். அஞ்சல்தலைச் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
கொரட்டூர், சென்னை.